லாபக் கேபிள்

லாபம், ரெண்டு, மூணு. சரியா இருக்குதுங்க. மூணு பையும் இருக்குது. உங்களைச் சொல்லலீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. பஸ்ஸுல ஏறுனதும் எண்ணிப்போடுவேன். எறங்கறப்பவும் எண்ணுவேன். நடுவுல ஒருக்கா எண்ணிக்குவேன். என்ற பொண்டாட்டி சாந்தாமணி, உங்களுக்கு உங்க நெழலு மேலயே சந்தேகம்னு பேசுவா. சந்தேகம் இல்லீங்க அது. சூதானம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது.

பேரா? பேரெல்லாம் எதுக்குங்க. நீங்க எதுவரைக்கும்? பெருந்துறையா? காங்கயத்துலயே ஏறுனீங்களா, முன்னாலயே இருந்தீங்களா? இல்ல, சும்மாத்தான் கேட்டேன். கண்ணாடி போட்டிருக்கீங்க, படிச்சவராட்டம் தெரியறீங்க. அதான் பக்கத்துல உக்காந்தேன்.

நானு சென்னிமலை தாண்டி ஒரு இஞ்சினியரிங் காலேஜுல வேலைங்க. வாத்தியார் இல்ல. கம்ப்யூட்டர் ரூமு என்ற பொறுப்பு. சர்வரு, ஒயரு, லேப், எல்லாம் நாந்தான். இன்னைக்குப் பதினோரு மணிக்கு அங்க ஒரு விசாரணை. ஒரு பொண்ணை வேலையை விட்டு எடுக்கறாங்க. புகார் குடுத்தது நானு.

பாத்தீங்களா, மொகத்தைத் திருப்பறீங்க. எல்லாரும் இப்படித்தான். பொண்ணுன்னதும் பாவம்னு ஒரு பக்கம் சாஞ்சுக்கறாங்க. முழுசாக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க, நாயம் யாரு பக்கம்னு.

அம்மிணி பேரு கோகிலவாணி. சென்னிமலைப் பக்கம் நால்ரோட்டுக்காரி. அவங்கப்பா தறி ஓட்டுனவரு, இப்ப முதுகு போய் ஊட்டுல கெடக்கறாரு. அவ சம்பளத்துலதான் அங்க அடுப்பு எரியுது. போன வருசம் எனக்கு உதவிக்குன்னு வெச்சாங்க. தற்காலிகம்தான், அடுத்த மாசம் நிரந்தரம் பண்றதா இருந்துச்சு. வந்த அன்னைக்கே என்ன சொன்னா தெரியுங்களா? 'அண்ணா, எனக்கு எல்லாத்தையும் கத்துக் குடுங்கண்ணா'ன்னா. நான் அன்னைக்கே யோசிச்சேன். கொஞ்சம் கத்துக் குடுங்கன்னு கேட்டா நாயம். எல்லாத்தையும்னு எதுக்குக் கேக்கோணும்? எல்லாமும் ஒருத்திக்குத் தெரிஞ்சு போச்சுன்னா அப்பறம் நான் எதுக்கு? எலி எதுக்குங்க அம்மணமா ஓடுது, சும்மாவா?

ஆனா நான் மனசுல வெச்சுக்கல. தங்கச்சியாட்டந்தான் நடத்துனேன். மத்தியானம் அவ டப்பாவுல கொள்ளுப் பருப்பு இருந்தா எனக்குப் பாதி. அதுவும் எதுக்குக் குடுத்தாளோன்னு இப்பத் தோணுது, அப்பத் தோணல. அப்ப ருசியா இருந்துச்சு.

விசயத்துக்கு வர்றேன். உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுங்களா? தெரியாதா? நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்ககிட்டப் பேசறதுதான் எனக்கு ரோதனை.

காலேஜுல புதுசா ஒரு பெரிய சர்வரு வாங்குனாங்க. ரெண்டு ஆளு தூக்கற கனம். அதுக்குள்ள நாப்பது கம்ப்யூட்டர் உண்டு பண்ணேன். நெசக் கம்ப்யூட்டர் இல்லீங்க, வர்ச்சுவல் மெஷின்னு சொல்றது. கண்ணுக்குத் தெரியாது, கையில தொட முடியாது, ஆனா நாப்பதும் வேலை செய்யும். அது ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நெட்வொர்க் கார்டு. ஒரு கார்டு என்ற சர்வர் ரூமைப் பாத்து இருக்குது, இன்னொரு கார்டு பசங்க உக்கார்ற லேப்பைப் பாத்து இருக்குது. இந்த மெஷினுக்குச் சொந்தமா டிஸ்க் கெடையாது, வெறும் மண்டை. காலையில முழிச்சதும் கார்டு வழியா, 'நான் யாரு, எனக்கு என்ன வேலை'ன்னு ஒயருல கூப்புடும். என்ற சர்வர் ரூமுல ஒருத்தன் பதில் சொல்லி, வேண்டியதை அனுப்புவான். அதுதான் நெட்வொர்க் பூட்டிங்.

இதுல என்ன சூட்சுமம்னா, கார்டு ரெண்டு இருந்தா எதுல கூப்புடோணும்னு நாமதான் சொல்லி வெக்கோணும். சொல்லாம உட்டா ரெண்டு வாசல் ஊட்டுல பால்காரன் கொல்லைப்பக்கம் வந்து நின்னுக்கிட்டு முன்பக்கம் யாரும் இல்லைங்கற கதைதான். நான் சொல்லி வெச்சேன். நாப்பதுலயும் முதல் கார்டுல மட்டுந்தான் கூப்புடோணும், ரெண்டாவது கார்டுல பூட்டிங் பேச்சே கூடாதுன்னு அடைச்சும் போட்டேன். ஒரு ஓட்டை கெடையாது. அதுல யாரும் குத்தம் சொல்ல முடியாதுங்க, பிரின்சிபாலே சொல்ல முடியாது.

அந்த முதல் கார்டு சர்வரோட பின்பக்கம் இருக்கற முதல் துளையில சேருது. ரெண்டாவது கார்டு ரெண்டாவது துளையில. துளை ரெண்டுக்கும் நானே லேபிள் அடிச்சு ஒட்டுனேன். ரெண்டாவதுக்கு ரெண்டுன்னு நம்பர். முதல் துளைக்கு லாபம்.

ஏனுங்க சிரிக்கறீங்க? லாபம்ங்க. நெல்லு அளக்கறப்ப வள்ளத்துல முதல்ல உழுகறதை ஒண்ணுன்னா சொல்லுவாங்க? லாபம், ரெண்டு, மூணுன்னுதானே எண்ணுவாங்க? எங்களுது அரிசி மண்டிங்க, காங்கயத்துல மூணு தலைமுறை. எங்க ஊட்டுல எண்ணிக்கைன்னு ஆரம்பிச்சா அந்த வார்த்தை வாயில வரக் கூடாது. எனக்கு மண்டி சரிப்படல, டிப்ளமா படிச்சு இங்க வந்துட்டேன், ஆனா எண்ணிக்கை மாறல. இந்தக் கம்ப்யூட்டர்க்காரங்க பாருங்க, ஒண்ணாவது கார்டுக்கு சைபர்னு பேரு வெப்பாங்க. வெளங்குமா? அதனால என்ற ரூமுல எது முதலோ அது லாபம்.

லேபிள் அடிக்கற மெஷினுல தமிழ் வராதுங்க. இங்கிலீசுலதான் அடிக்கோணும். டேப்பு வேற சின்னது, மூணு எழுத்துக்கு மேல போனா பொடி எழுத்தா உழுகும். அதனால லாபத்துக்குச் சுருக்கமா எல், ஏ, பி. அவ்வளவுதான். பளிச்சுன்னு, பெருசா, கறுப்புல. குருடனும் படிக்கலாம்.

இதெல்லாம் அவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்களான்னு கேக்கறீங்களா? இதெல்லாம் சொல்லியா குடுப்பாங்க? தறிக்கார ஊட்டுப் பொண்ணு, அவங்களும் தறியில பாவு நூலு எண்ணித்தானே பொழைச்சாங்க. ஒரு வருசமா என்ற கூடவே இருக்கறா, நான் எண்ணறதைக் கேக்காமயா இருந்திருப்பா? தெரியும்ங்க அவளுக்கு. தெரியாத மாதிரி இருக்கறதுதான் கெட்டிக்காரத்தனம்.

அந்த வாரம் என்ற கொழுந்தியா பையனுக்குச் சிவன்மலையில காதுகுத்து. போகலைன்னா ஊட்டுல சோறு கெடைக்காது. புது ஒயரு இழுக்கற ஆளு அன்னைக்குத்தான் வந்தான். ரெண்டு கேபிள் இழுத்து, நுனியில எது எங்கிருந்து வருதுன்னு சீட்டுக் கட்டிப்போட்டுப் போயிட்டான். அம்மிணி செருக வேண்டியது மட்டுந்தான் பாக்கி. சர்வர் ரூமு கேபிள் லாபத்துல, லேப் கேபிள் ரெண்டுல. கைக்கொழந்தை செய்யற வேலை.

எனக்குப் போன் பண்ணா. மலை மேல தவிலும் பம்பையும் காதைக் கிழிக்குது, பையன் வேற அலறிக்கிட்டு இருக்கறான். 'அண்ணா, லாபக் கேபிள் லாபத்துலதானுங்களே?'ன்னு கேட்டா. மேளத்துல பாதிதான் உழுந்துச்சு, ஆனா அந்த வார்த்தை உழுந்துச்சு. ஆமா அம்மிணி, லாபம் லாபத்துலதான், அதுல என்ன சந்தேகம்னேன். நல்லாக் கேளுங்க, அவ மறுக்காவும் கேட்டா. அதே கேள்வி, அதே வார்த்தை. நான் அதே பதிலைச் சொன்னேன். ரெண்டு தடவை கேட்டு, ரெண்டு தடவை பதில் வாங்கி, அப்பறமும் மாத்திச் செருகுனான்னா அதுக்கு என்னங்க அர்த்தம்? தெரியாம செஞ்சவ ரெண்டு தடவை கேப்பாளா?

மறுநா ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க. பெரிய கம்பெனி, நம்ம காலேஜுக்கு இந்த வருசம் வந்த நல்ல கம்பெனி அதுதான். கடைசி வருசப் பசங்களுக்குக் கம்ப்யூட்டர்ல பரீட்சை வெச்சு, அங்கயே வேலைக்கு எடுக்கறதா ஏற்பாடு. நாப்பது புள்ளைங்க இஸ்திரி போட்ட சட்டையோட லேப்புல உக்காந்திருக்குது. நான் நாப்பது மெஷினையும் எழுப்புனேன். பரீட்சை வருதான்னு பாத்தா வரல. புதுசா சிஸ்டம் போடறப்ப, உனக்கு எந்த மொழி வேணும்னு கேக்குமே, அந்தத் திரை நாப்பதுலயும் வருது. ஒரு புள்ளை எந்திரிச்சு, 'சார், தமிழைத் தேர்வு செய்யட்டுங்களா?'ன்னு கேக்குது. கம்பெனிக்காரன் ஒருத்தன் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். இன்னைக்கும் அந்தச் சிரிப்பு என்ற நெஞ்சுல முள்ளாட்டம் இருக்குதுங்க.

அது என்ன திரைன்னு எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. எங்க லேப் ஒயருல ஞானசேகரன்னு ஒரு வாத்தியாரோட பழைய பொட்டி கெடக்குது. பசங்க பழகறதுக்குன்னு, யாரு கூப்புட்டாலும் புது சிஸ்டம் போட்டுக் குடுக்கற பொட்டி. என்ற மெஷின் நாப்பதும் சர்வர் ரூமைக் கூப்புடறதுக்குப் பதிலா லேப்பைக் கூப்புட்டிருக்குது, அவரு பொட்டி முந்திக்கிட்டுப் பதில் சொல்லியிருக்குது. ஓடிப் போய்ப் பின்பக்கம் பாத்தேன். லாபத்துல லேப் கேபிளு செருகியிருக்குது! ரெண்டுல சர்வர் ரூமு கேபிளு! அப்படியே போட்டோ எடுத்துக்கிட்டேன். சூதானம்னு சொன்னனுங்களே, அதுக்குத்தான். மாத்திச் செருகுனதும் நாப்பதும் எந்திரிச்சுது. அதுக்குள்ள கம்பெனிக்காரங்க கார் ஏறிப் போயிட்டாங்க. புள்ளைங்க சிலது அழுதுட்டுப் போச்சு.

முந்தின நாளு வந்து ஒருக்காப் பாத்திருக்கலாமேன்னு கேக்கறீங்க. பிரின்சிபாலும் அதைத்தான் கேட்டாரு. எதுக்குங்க பாக்கோணும்? அமைச்சது நானு. நான் அமைச்சதை நானே சந்தேகப்பட முடியுங்களா? அப்பறம் மனுசன் யாரைத்தான் நம்பறது?

இதுல ஞானசேகரன் சாரும் கூட்டுன்னு எனக்கு ஒரு எண்ணம். அன்னைக்குன்னு பாத்து அவரு பொட்டி எதுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு? மூணு வருசமா ராத்திரி பகலா ஓடுதுன்னு சொல்றாரு. சொல்லட்டும். கேன்டீன்ல அவரும் அம்மிணியும் ஒரே மேசையில டீ குடிச்சதை நான் பாத்திருக்கறேன். வேற மேசை காலியா இல்லையாம். மேசை காலியா இல்லைன்னா நின்னுக்கிட்டுக் குடிக்கறது!

விசாரணைக் கமிட்டிக்கு எழுதிக் குடுத்தேன். தெரியாம நடந்ததில்ல, வேணும்னே செஞ்சதுன்னு. வேணும்னேன்னு எழுதலைன்னா திட்டிப்போட்டு உட்டுருவாங்க. எழுதிட்டா வேலை போறதோட நிக்காது, இனி எந்தக் காலேஜும் அவளை எடுக்காது. தெரிஞ்சேதாங்க எழுதுனேன். வெசனமாத்தான் இருக்குது. நானும் மனுசன்தானே. ஆனா இடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்கற காலம். இன்னைக்கு அவளை உட்டா நாளைக்கு என்ற நாற்காலியில அவ உக்காந்திருப்பா. பாதிச் சம்பளத்துக்கு வர்றதுக்குத் தயாரா ஒருத்தி இருக்கறப்ப என்னை எதுக்குங்க வெச்சிருப்பாங்க? எனக்கும் ரெண்டு புள்ளைங்க படிக்குது.

இருங்க. லாபம், ரெண்டு, மூணு. இருக்குது.

இந்த மூணாவது பையில என்ன இருக்குதுன்னு நெனைக்கறீங்க? கச்சாயம், வெல்லப் பலகாரங்க. நேத்துச் சாயங்காலம் அம்மிணியோட அம்மா எங்க ஊட்டுக்கே வந்துட்டாங்க. அட்ரஸ் யாரு குடுத்ததுன்னு கேட்டேன், சாந்தாமணி என்னை முறைக்கறா. அந்தம்மா உக்காரக்கூட இல்ல. வாசப்படியிலயே நின்னுக்கிட்டு, 'தப்புப் பண்ணியிருந்தா உங்க கால்ல உழுகச் சொல்றனுங்க சாமி. ஆனா என்ன தப்புன்னு அவளுக்கே வெளங்கலீங்க. நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்னே சொல்லிக்கிட்டு இருக்கறா, சோறு எறங்க மாட்டேங்குது'ன்னாங்க. சொல்லிப்போட்டு இந்தக் கச்சாயத்தை வெச்சுட்டுப் போயிட்டாங்க.

எதுக்குங்க கச்சாயம்? மடியில கனம் இல்லாதவங்களுக்கு வழியில என்ன பயம்? நான் தொடல. சாந்தாமணி, தின்னுங்க, நல்லா வெல்லம் போட்டுச் சுட்டிருக்கறாங்கன்னா. நான் அப்படியே கட்டி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். கமிட்டி மேசையில வெப்பேன். லஞ்சங்க இது.

நீங்க ருசி பாக்கறீங்களா? கூச்சப்படாதீங்க, எடுங்க. எப்படி இருக்குது? வெல்லம் தூக்கலா? வயித்துக்கு ஒண்ணும் ஆகலியே உங்களுக்கு? சும்மாத்தான் கேட்டேன். இன்னொண்ணும் எடுத்துக்குங்க, பை நெறைய இருக்குது.

சாந்தாமணியைப் பத்திச் சொல்லோணும். இன்னைக்குக் காலையில இந்தப் போட்டோவைக் காட்டி, லேபிளைப் படி பாக்கலாம்னேன். படிச்சா. படிச்சுப்போட்டு என்னையே பாக்கறா. 'ஏனுங்க, இது'ன்னு ஆரம்பிச்சா, நான் காதுல வாங்கல. அவ பொறந்த ஊரும் சென்னிமலைப் பக்கந்தான். ஊருப் பாசம் உடுங்களா? கூடப் படுத்து எந்திரிக்கறவளையே நம்ப முடியலைன்னா என்ன பொழப்புங்க இது?

அதனாலதான் உங்களைக் கேக்கறேன். நீங்க யாரோ, நான் யாரோ. உங்களுக்கு இதுல லாபமும் இல்ல, நட்டமும் இல்ல. பதினோரு மணிக்குக் கமிட்டி முன்னால இதைத்தான் காட்டப் போறேன், அதுக்கு முன்னால வெளியாளு ஒருத்தர் பாத்துச் சொல்லிட்டா எனக்கு ஒரு தெம்பு. இந்தாங்க போனு. ரெண்டு விரலால பெருசு பண்ணிப் பாருங்க. முதல் துளை தெரியுதுங்களா? மேல லேபிள் தெரியுதுங்களா? படிங்க.

சத்தமாப் படிங்க. பஸ்ஸு சத்தத்துல கேக்கல.

என்னது?

மறுக்காப் படிங்க. எழுத்துக் கூட்டி. எல், ஏ, பி. சேத்துச் சொல்லுங்க.

லேப்பா?

நீங்க எப்படிங்க லேப்னு படிப்பீங்க? நான் இத்தனை நேரம் லாபம் லாபம்னு தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டு வர்றேன். ஓ. கச்சாயம் தின்னீங்கல்ல? அதான். அவங்க ஊட்டு வெல்லம் உள்ள போனா லேப்னுதான் வரும்.

என்ன, கண்டக்டரையும் கூப்புடறீங்க? அவரு எதுக்கு? ஏனுங்க, டிக்கெட் கிழிக்கற வேலையைப் பாருங்க. பாத்துட்டாரு. லேப்ங்கறாரு. பாருங்க, திங்காதவரும் அதையேதான் சொல்றாரு. எத்தனை பேருங்க நீங்க? இந்த பஸ்ஸுல எத்தனை பேரு ஏறியிருக்கறீங்க?

நில்லுங்க, நால்ரோடு வந்துருச்சு. குனிஞ்சுக்குங்க. இல்ல, நீங்க எதுக்குக் குனியறீங்க, நான் குனியறேன். அவளேதான். பச்சைச் சுடிதார். விசாரணைக்குத்தான் போறா. அவளும் இதே பஸ்ஸுல எதுக்கு ஏறோணும்? அடுத்த பஸ்ஸு அர மணி நேரத்துல வருதே. பாத்துட்டா. இங்கதான் வர்றா. எடங்கிடம் குடுக்காதீங்க. எந்திரிக்காதீங்கன்னு சொல்றேன். எந்திரிச்சுட்டீங்க. சரி, உங்க சீட்டு, உங்க இஷ்டம்.

லோகண்ணான்னு கூப்புடறா, கேட்டீங்களா? இத்தனை நடந்தும் அண்ணாங்கறா. ஆமாங்க, லோகநாதன், அதுதான் என்ற பேரு. இப்பத் தெரிஞ்சுக்கிட்டீங்கல்ல? எனக்குப் பேச இஷ்டமில்ல. ஜன்னலைப் பாத்துக்கிட்டு வர்றேன்.

ஏனுங்க, போனை அவகிட்ட எதுக்குக் குடுக்கறீங்க? அது என்ற போனு. சாட்சிங்க அது. அவகிட்ட என்ன சொல்றீங்க? லாபம்னு சொல்லிட்டீங்களா? வள்ளத்துல அளக்கறது, முதல்ல உழுகறது, எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா? நல்ல ஆளுங்க நீங்க. நம்பி வாயைத் தொறந்தேன் பாருங்க.

என்ன அம்மிணி அப்படிப் பாக்கறே? ஆமா, லாபந்தான். பின்ன வேற என்ன? அது எப்பவும் லாபந்தான்.

பாருங்க, சிரிக்கறா. கம்பியைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா. பஸ்ஸே திரும்பிப் பாக்குது. இந்த நெலமையில ஒருத்திக்குச் சிரிப்பு வருமுங்களா? இப்ப அழுகறா. மொகத்தைத் துப்பட்டாவுல பொத்திக்கிட்டு, உக்காந்த எடத்துல குலுங்கறா. குத்தம் இல்லாதவ எதுக்குங்க அழுகோணும்?

என்ன சொல்றே? தெளிவாச் சொல்லு, மூக்கைச் சிந்திப்போட்டுச் சொல்லு.

'அண்ணா, நான் லேப் கேபிள் லேப்லதானுங்களேன்னு கேட்டேண்ணா. நீங்க ஆமான்னீங்க. என்ன தப்புப் பண்ணேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்கண்ணா. நீங்க லாபம்னு எழுதுனீங்க, நான் லேப்னு படிச்சேன். இவ்வளவுதானேண்ணா? உள்ள போய் இதையே சொல்லிரலாம்ணா. ரெண்டு பேரு மேலயும் தப்பில்லீங்கண்ணா.'

கேட்டீங்களா? நல்லாக் கேட்டீங்களா? ரெண்டு பேரு மேலயுமாம்! இதுல ரெண்டாவது ஆளு எங்கிருந்துங்க வந்தான்? என்னையும் உள்ள இழுத்துக்கறா பாருங்க. தான் தப்பிச்சதோட போகாம, என்னையும் தப்பிக்க வெக்கறாளாம். அதுக்கு நான் என்ன சொல்லோணும்? நன்றிங்கோணுமா?

கண்டக்டரு எதுக்குங்க அவ பக்கம் தலையாட்டறாரு?

சரி, எங்க ஸ்டாப்பு வருது. போனைக் குடுங்க. போட்டோ அப்படியே இருக்குதா? இருக்குது. வழி உடுங்க. லாபம். ரெண்டு.

மூணாவது எங்கீங்க? கச்சாயப் பை. உங்க காலுக்கிட்டத்தான் இருந்துச்சு. யாரு எடுத்தது?

அட, அவதான் தூக்கிக்கிட்டு எறங்கறா. படியில நின்னுக்கிட்டு, 'கை ஒழியலீங்களேண்ணா, நான் கொண்டாறேன், பாத்து எறங்குங்க'ங்கறா. வேலையைப் புடுங்கறதுக்குன்னு வர்றவனோட பையைத் தூக்கிக்கிட்டு, எறங்கி வெயில்ல நிக்கறாளுங்க அவ.

ஏனுங்க, நீங்க படிச்சவரு. சொல்லுங்க. அது எதுக்கா இருக்கும்?